சிரிப்பாண்டி கரையேறிய காலம்

எங்கள் வீட்டு முன்னறையில் கொஞ்ச நாளாக ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. மகள் பதுளை டவுனில் ஒரு மீன் கடைக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கியது. உள்ளே இருப்பது மீன் இல்லை. ஒரு சாண் நீளத்தில், வெளிறிய ரோஜா நிறத்தில், நான்கு கால்களும் வாலும் உள்ள ஒரு பிராணி. தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இறகு மாதிரிச் செவுள்கள் விரிந்து நிற்கும். வாய் எப்போதும் சிரித்தபடி இருக்கும். ஆக்ஸலாட்டில் என்று பெயராம். அந்தப் பெயர் என் வாயில் நுழைய ஒரு வாரம் பிடித்தது.

மகளின் சிநேகிதிகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இப்படி ஒன்றை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள் என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் கதை சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர்கள். தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்து, மலையில் இருந்து குழாயில் வந்து விழும் பீலித் தண்ணீரில் நடுங்கி நடுங்கிக் குளித்து, மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்தவர்கள். அப்படி ஒரு காம்பராவில் இதே பிராணி ஒன்றை நான் வளர்த்தேன் என்றால், நீங்களாவது நம்புவீர்கள்.

தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்கு வழியில் ஏறினால் எங்கள் லயம் வரும். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் இரவு வேலை. வீட்டில் நான் ஒரே பிள்ளை. பேசுவதற்குக் கூச்சப்படுவேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன்.

அந்தப் பிராணி எங்களிடம் வந்த வருடம் அம்மாவுக்குக் கழுத்தில் ஒப்பரேசன் நடந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேருக்குக் கழுத்தில் கழலை இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மாவுடையது மாங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. எச்சில் விழுங்கினால் மேலும் கீழும் போய் வரும். பதுளையில் பெரிய ஆஸ்பத்திரியில் அதை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய மாதிரி ஒரு தழும்பு இருந்தது. கையில் ஒரு போத்தல் மாத்திரை இருந்தது. சின்ன வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு.

அதைச் சாகும்வரை தினமும் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த டாக்டரையா இதை அப்பாவிடம்தான் சொன்னார். லயத்துப் பெண்களை அவர் நம்ப மாட்டார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அவர் கொடுக்கும் இரும்பு மாத்திரைகள் மருந்துச்சாலை வேலியோரத்திலேயே கொட்டிக் கிடக்கும். அதனால், "நீ முன்னால நின்னு ஒன் கண்ணால பாத்துக் குடு. அது கையில விட்டா நடக்காது" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா அந்தச் சொல்லைச் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டார். போத்தலைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த மாத்திர இல்லாட்டி ஒங்கம்மா இல்ல, தெரிஞ்சுக்க" என்றார். சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ஒப்பரேசன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் அழுததை மாமா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொழும்புக்குப் பக்கத்தில், அழகு மீன்களை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு இடத்தில் தொட்டி கழுவும் வேலை. அக்காவைப் பார்க்க லீவு போட்டுவிட்டு ரயிலில் வந்தார். ஒரு தோளில் சாக்கு சுற்றிய கண்ணாடித் தொட்டி. இன்னொரு கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. இரவெல்லாம் ரயிலில் வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்காமல் வந்திருந்தார். தொட்டி இரும்புச் சட்டம் போட்டு, இடுக்கில் புட்டி பூசி அடைத்தது. ஒரு மூலையில் கீறல் இருந்ததால் முதலாளி சும்மா கொடுத்துவிட்டாராம்.

வாளிக்குள் கறுப்பாக ஒன்று கிடந்தது. இப்போது வீட்டில் இருப்பது மாதிரி ரோஜா நிறம் இல்லை, நல்ல சேற்றுக் கறுப்பு. எட்டிப் பார்த்த லயத்து ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

அடுத்த காம்பரா அத்தை எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆனால் லயத்தில் அவர் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். அவர் வாளியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஏண்டி, தம்பிமாருங்க கொழும்புக்குப் போனா அக்காளுக்குச் சீல வாங்கியாருவானுங்க. ஒன் தம்பி பல்லி கொண்டாந்திருக்கான்."

"பல்லி இல்லக்கா. மீனும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல" என்றார் மாமா.

"அப்ப கொழம்பு வைக்கிறதா, கும்புடுறதா?"

அம்மா சிரித்தார். தையல் இழுக்கும் என்று கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

அந்தப் பிராணி குளிருக்குப் பிறந்ததாம். கொழும்புச் சூட்டில் இரண்டு செத்துப்போய், இது ஒன்றுதான் மிச்சம். இதையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம் முதலாளி. நம் ஊர்க் குளிருக்கு இது பிழைக்கும் என்று மாமா எடுத்து வந்திருந்தார். அதை எனக்குத் தருவதாகச் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. எனக்கென்று அதுவரை இருந்தது ஒரு சிலேட்டும் ஒரு தகர டப்பாவும்தான்.

முன்னறை ஜன்னலுக்குக் கீழே, அடுப்புச் சூடு படாத பக்கத்தில், ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தொட்டியை வைத்தோம். பீலியில் இருந்து தண்ணீர் எடுத்து ஊற்றினோம். ஆற்று மணலும் கூழாங்கல்லும் கொண்டுவந்து அடியில் போடலாம் என்று நான் ஓடினேன். மாமா பிடித்து நிறுத்தினார்.

"கல்லு மண்ணு ஒண்ணும் போடாதடி. மூஞ்சிக்கு முன்னால எது விழுந்தாலும் முழுங்கிரும். திங்கிறதா திங்காததான்னு பாக்கிற புத்தி அதுக்குக் கெடையாது."

அதனால் தொட்டியின் அடி வெறும் கண்ணாடியாகவே இருந்தது. இந்த விசயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நான் சிரிப்பாண்டி என்று பெயர் வைத்தேன். சாப்பாடு மண்புழு. மாட்டுப்பட்டிக்குப் பின்னால் எருக்குவியலைக் கிளறினால் சிவப்புச் சிவப்பாக வரும். அவற்றைத் தகர டப்பாவில் போட்டு, பீலியில் அலசி, நீளமானதை பிளேடால் துண்டாக்கி, ஈர்க்கு நுனியில் மாட்டித் தண்ணீருக்குள் விடுவேன். சிரிப்பாண்டி அசையாமல் கிடக்கும். புழு அதன் மூக்குக்கு நேரே வரும்வரைக்கும் செத்தது மாதிரியே கிடக்கும். பிறகு தலை முழுவதும் ஒரு ஓட்டையாகத் திறந்து மூடும். புழு இருந்த இடத்தில் புழு இருக்காது. கடிப்பதும் இல்லை, மெல்லுவதும் இல்லை. வாய் மூடினதும் பழைய சிரிப்பு. அந்தத் திறப்பைப் பார்க்கவே இன்னொரு புழுவை மாட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதித் தண்ணீரை மாற்றுவேன். வெயில் ஏறும் நாளில் நனைத்த சாக்கைத் தொட்டிமேல் போடுவேன். ஒரு தடவை சாக்கு நழுவி, பூனை கைவிட்டு அதன் முன்னங்கால் ஒன்றைப் பிய்த்துவிட்டது. நான் அழுதேன். அடுத்த மாதமே அந்த இடத்தில் மொட்டு மாதிரி ஒன்று முளைத்து, விரல்கள் பிரிந்து, புதுக் கால் வந்துவிட்டது. லயமே வந்து பார்த்தது. எனக்கு வேறொரு யோசனை வந்தது. அம்மாவின் தழும்பைத் தொட்டு, "இங்க வெட்டி எடுத்ததும் இப்பிடி வளந்துருமா?" என்று கேட்டேன்.

"வளந்தா மறுபடி வெட்டுவாங்க. பேசாம தூங்கு" என்றார் அம்மா.

அம்மா வீட்டில் ஓய்வாக இருந்த வரைக்கும் மாத்திரையில் ஒரு சிக்கலும் இல்லை. அப்பா விடியும் நேரத்தில் ஃபெக்டரியில் இருந்து வருவார். பெட்டியைத் திறந்து, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அம்மா விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் படுப்பார். அம்மாவும் படுத்திருந்து, பிறகு அவசரமில்லாமல் ஆறுதலாக எழும்பித் தேத்தண்ணி குடிப்பார்.

லீவு முடிந்து அம்மா மலைக்குப் போகத் தொடங்கியபோதுதான் அது மாறியது. தோட்டத்தில் காலை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு தப்பு மேளம் அடித்து லயத்தை எழுப்புவார்கள். அந்தச் சத்தத்துக்கு எழும்பினால் அடுப்பு மூட்டி, தண்ணீர் தூக்கி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து முடிக்க விடிந்துவிடும். பிறகு ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணியும் ஒரு ரொட்டியும் உள்ளே போனால்தான் ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடிப்போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலை ஏற முடியும். அம்மா அந்தக் கோப்பையைக் கையில் எடுக்கும் நேரத்தில்தான் அப்பா வாசலில் வந்து நிற்பார். கையில் மாத்திரை இருக்கும். அதை விழுங்கினால் தேத்தண்ணி இல்லை. இருட்டில் இருந்து ஒன்றும் குடிக்காமல் வேலை செய்த உடம்பு, அப்படியே கூடையை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் ஒன்றும் கிடையாது.

முதல் வாரத்தில் ஒரு நாள் அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "ஏறும்போது நெஞ்சு படபடங்குது, கண்ணு இருட்டுது" என்றார். டாக்டரையா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். அப்பா தலையை ஆட்டிவிட்டு முகம் கழுவக் கொல்லைப் பக்கம் போவார். அம்மா தொட்டிப் பக்கம் வந்து குனிந்து நிற்பார். பாயில் படுத்தபடியே நான் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். சிரிப்பாண்டி அவரைக் கண்டதும் மேலே வரும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. புழு தோண்டுகிறவள் நான், அது ஓடி வருவது அம்மாவிடம். அம்மாவுக்கும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அம்மா தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் அடுப்படியில் இருந்து கேட்கும்.

மழைக்காலம் தொடங்கியது. அம்மா மெல்ல மெல்ல மாறினார். முகம் உப்பியது. குரல் கரகரத்து, சொற்கள் இழுபட்டு வந்தன. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எல்லாரும் ஒரு கம்பளி போர்த்தியபோது அம்மா இரண்டு போர்த்தியும் குளிருகிறது என்றார். மலையில் இருந்து வந்ததும் கூடையோடு வாசற்படியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போவார். கொழுந்து நிறை குறைந்தது. நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம்தான். கங்காணி எல்லாருக்கும் முன்னால், "ஒப்பரேசன்ல ஒனக்குக் கழுத்துல வெட்டினாங்களா, கையில வெட்டினாங்களா?" என்று கேட்டாராம். பெண்கள் சிரித்தார்களாம். இதை அடுத்த காம்பரா அத்தைதான் வந்து சொன்னார். அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "இவளுக்கு என்னமோ புடிச்சிருக்கு. கோயில்ல காட்டுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா, மருந்து தவறாமல் கொடுக்கிறோமே என்று குழம்பினார். ஒப்பரேசன் செய்த உடம்பு, சோம்பலும் சேர்ந்துவிட்டது என்று சில நாளும், செய்வினையாக இருக்குமோ என்று சில நாளும் நினைத்தார். ஒரு தடவை கோபத்தில் அம்மாவின் கம்பளியை இழுத்துவிட்டார். அம்மா கண்ணைத் திறந்து, யார் என்று தெரியாத மாதிரி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அப்பா கம்பளியை எடுத்துத் திருப்பிப் போர்த்திவிட்டதையும் நான் பார்த்தேன்.

அதே நாட்களில் சிரிப்பாண்டியும் மாறியது. இறகுச் செவுள்கள் நாளுக்கு நாள் குறுகி, யாரோ கத்தரித்து விட்டது போல் ஆயின. வாலின் மெல்லிய சவ்வு காணாமல் போனது. கண்கள் பிதுங்கின. தோல் உரிந்து தண்ணீரில் மிதந்தது. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் தொட்டியில் இல்லை. தேடினால் தண்ணீர்க் குடத்தடியில், ஈரத் தரையில், நான்கு காலையும் ஊன்றித் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் எடுத்துத் தண்ணீரில் விட்டேன். அது மறுபடி ஏறப் பார்த்தது. அப்பா தொட்டிமேல் பலகை வைத்தார். எல்லாரும் கண் வைத்துவிட்டார்கள் என்று அத்தை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். கொஞ்ச நாளில் அது சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டது. மூக்குக்கு நேரே புழுவைக் காட்டினாலும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நான் நினைத்தேன். இரண்டுக்கும் பிள்ளையாரிடம் சேர்த்தே கேட்டுக்கொண்டேன். பெயர் சொல்லும்போது எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் இரண்டு தடவை சொன்னேன், மாற்றி மாற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வழக்கம்போல் வந்து அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பீடி பற்ற வைத்திருந்தார். நான் தண்ணீர் மாற்றுவதற்காகப் பலகையை எடுத்தேன். தொட்டியின் அடியில், வெறும் கண்ணாடியில், வெள்ளையாக ஒன்று கிடந்தது. உருண்டையாக, ஊறி, கொஞ்சம் பருத்திருந்தது. சிரிப்பாண்டி அதற்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாப்பிடாமல் கிடந்தது, வெளியே வர இடம் தேடியது, எல்லாம் இதற்குத்தான். தகர டப்பா மூடியால் அதை மெதுவாக அள்ளி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். வாழ்க்கையில் நான் சத்தம் போட்டுப் பேசிய சில தடவைகளில் அது ஒன்று.

"அப்பா, சிரிப்பாண்டி முட்ட போட்ருச்சு!"

அப்பா சிரித்துக்கொண்டே மூடியை வாங்கினார். வெளிச்சத்துக்குக் காட்டினார். சிரிப்பு நின்றது. ஊறிப்போன அந்த வெள்ளையின் நடுவில் கோடு இன்னும் அழியவில்லை.

அவர் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் மூடியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரே குந்தினார்.

"எத்தன நாளா?"

"மலைக்குப் போக ஆரம்பிச்சதுலருந்து" என்றார் அம்மா. ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது.

"ஏன்?"

"தேத்தண்ணி இல்லாம ஏற முடியலங்க."

"இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன். டாக்டரையா சொன்னா சரியாத்தான் இருக்கும்ன்னீங்க."

அம்மா என் பக்கம் பார்த்தார். பிறகு தொட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"மொத நாள் நாக்குக்கடியில வச்சிருந்தத என்ன பண்றதுன்னு தெரியாம அதுல போட்டேன். அது முழுங்கிருச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் தெனம் போட்டேன். அது முழுங்காத நாள்ல தண்ணியிலயே கரஞ்சிரும். இப்பப் பாருங்க, அது உருவே மாறிப்போச்சு. அந்தச் சின்ன மாத்திர அத இந்தப் பாடு படுத்துதுன்னா, நான் தின்னா என்னாவேன்? எனக்குப் பயமா இருக்குங்க."

அதுதான் எங்கள் வீட்டு நிலைமை. மாத்திரை இல்லாவிட்டால் அம்மா இல்லை என்று அப்பா பயந்தார். மாத்திரையைத் தின்றால் தான் என்னாவேனோ என்று அம்மா பயந்தார். ஒருவர் பயம் இன்னொருவருக்குத் தெரியாமலே இரண்டு பேரும் ஒரு மழைக்காலத்தைக் கடத்தியிருந்தார்கள்.

அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல், மறுநாளே அப்பா அம்மாவைப் பதுளைக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அம்மா தூக்கத்தில் சரிய, அப்பா தோளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். டாக்டர் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், தமிழில் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால், தூங்கினவர் எழும்பியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லுகிறார் என்றார்.

ஏன் குடிக்கவில்லை என்று மிஸ்ஸி கேட்டார். அம்மா தொட்டிக் கதையைச் சொன்னார். மிஸ்ஸி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அம்மாவின் தழும்பின்மேல் ஒரு விரலை வைத்தார். "அதுக்குக் கழுத்துக்குள்ள இருக்க வேண்டியது இருக்கு, அம்மா. மேல மேல மருந்தக் குடுத்தா அது என்ன செய்யும், பாவம். உங்களுக்குத்தான் எடுத்தாச்சே. எடுத்ததுக்குப் பதிலாத்தான் இது" என்றார்.

அம்மா அதை யோசித்தார். புரிந்தது என்று தலையை ஆட்டினார்.

"காலையில எத்தன மணிக்கு எழும்புவீங்க?"

"தப்பு அடிக்கயில எழும்பிருவேங்க. இருட்டா இருக்கும்."

"அப்பவே போட்டுட்டு வேலையப் பாருங்க. ரொட்டி சுட்டு முடியிறப்ப ஒரு மணித்தியாலம் ஆயிரும். பெறகு நல்லாத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"அந்நேரம் அவரு வீட்ல இருக்க மாட்டாருங்க. ஃபெக்டரியில இருப்பாரு."

மிஸ்ஸி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

"மாத்திர போடப் போறது நீங்க. அவரு எதுக்கு?"

அவ்வளவுதான். எங்கள் அம்மாவை மரணத்தின் வாசல்வரை கொண்டுபோன சிக்கல் அவ்வளவுதான். டாக்டரையா கெட்டவர் இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. அவர் தூக்கம் வருகிற கண்ணோடு தினமும் வந்து கவனமாகத்தான் நின்றார். அம்மா எப்போது எழும்புகிறார் என்று மட்டும் அவர்களில் யாரும் கேட்டிருக்கவில்லை. பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அப்பா வேண்டும், அப்பா வருவது விடியும் நேரத்தில், அதனால் மாத்திரை விடியும் நேரத்தில். இந்த வயதில் இதை எழுதும்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்போது அது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தார். அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா தேறி வர நாள் பிடித்தது. முதலில் குரல் திரும்பி வந்தது, பிறகு முகம். கங்காணியிடம் ஒரு நாள், "கையில வெட்டல, கழுத்துலதான் வெட்டினாங்க, பாருங்க" என்று கூடையை நிறுவைத் தராசில் தூக்கி வைத்தாராம். அன்றைக்குச் சிரித்த பெண்கள் கங்காணியைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

சிரிப்பாண்டி தண்ணீருக்குத் திரும்பவே இல்லை. அடுத்த லீவில் வந்த மாமா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "அக்கா, ஒன் மருந்தத் தின்னு அது பெரிய மனுசனா ஆயிருச்சு. நீ கொழந்தையாட்டம் தூங்கிட்டு இருந்திருக்க" என்றார். தொட்டி வைத்திருந்த தேயிலைப் பெட்டியை நிமிர்த்தி, ஓடையோரத்துப் பாசியை ஈரத்தோடு நிரப்பி, அதில் விட்டோம். அந்தப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளின் வாசனையும் பச்சைப் பாசியின் வாசனையும் கலந்து வரும். இப்போது எங்கேயும் அது கிடைக்காது. சிரிப்பாண்டி பாசிக்குள் புதைந்து கிடந்து, தலையை மட்டும் நீட்டி, என் விரலில் இருந்தே புழு வாங்கித் தின்றது. செவுள் போனாலும் சிரிப்பு போகவில்லை. தீபாவளி வரைக்கும் இருந்தது. ஒரு நாள் காலையில் பாசியைத் தூக்கிப் பார்த்தால் விறைத்திருந்தது. அம்மாதான் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பீலிக்குப் பக்கத்தில் புதைத்தார். என்னைப் பார்க்க விடவில்லை. திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. தொட்டி கொஞ்ச காலம் கோழிக்குஞ்சு அடைக்க உதவியது. நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தபோது லொறியில் ஏற்றும்போது அடிபட்டு நொறுங்கியது.

அப்பா போய் வருடங்கள் ஆகின்றன. அம்மா என்னோடு இருக்கிறார். தொட்டி வந்த புதிதில் மகள் கைபேசியைப் பார்த்து வளர்க்கும் முறைகளை வாசித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குளிராக இருக்க வேண்டும், கூழாங்கல் போடக்கூடாது, மண்புழு நல்லது என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில், கழுத்துச் சுரப்பிக்குக் கொடுக்கும் மருந்து பட்டால் இது செவுளை இழந்து தரைக்கு வந்துவிடும் என்று வாசித்து, "ஐயோ, அம்மாச்சி அந்த மாத்திரதானே போடுறாங்க" என்றாள்.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

பதுளை டவுனில் தப்பு அடித்து எழுப்ப யாரும் இல்லை. ஆனாலும் அம்மா அதே நேரத்துக்கு எழும்பிவிடுவார். போன வாரம் தண்ணீர் குடிக்க எழுந்த நான், முன்னறையில் தொட்டியின் சின்ன விளக்கு வெளிச்சத்தில் அவர் நிற்பதைக் கண்டேன். உள்ளங்கையில் மாத்திரை இருந்தது. அந்த ரோஜா நிறப் பிராணி கண்ணாடியோரம் வந்து, அவர் கையைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது.

"ஆன்னு தொறக்காத. இது என்னுது" என்றார் அம்மா.

மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, தலையை அண்ணாந்தார். கழுத்தில் அந்தப் பழைய கோடு ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது.

அவர் திரும்புவதற்குள் நான் சத்தம் இல்லாமல் அறைக்குள் வந்து படுத்துக்கொண்டேன். அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்க ஒரு மணி நேரம் இருந்தது.